பத்தாவது கதிரையின் காய்கள்

மகன்,

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போனில் என்னைக் கேள்வி கேட்டே களைக்கப் பண்ணினாய், ஆகவே உன் சுகத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை. கோல்டிங்கில் வாங்கிய வீட்டில் வருகிற சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு முதன்முதலாக போக்கர் மேசை போடப் போகிறாய். காசுக்குப் பதிலாக மேசையில் வைக்கிற நிறக் காய்கள் கொண்ட என் பெட்டியை நான் தர முதலே தூக்கிக்கொண்டு போய்விட்டாய். பத்துப் பேருக்கு எத்தனை காய் வேண்டும், எந்த நிறத்தில் எத்தனை, காசு வைத்து விளையாடினால் எப்படி, போட்டியாக விளையாடினால் எப்படி என்று எழுதி அனுப்பச் சொன்னாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். டென்மார்க்கில் தமிழருக்குப் போக்கர் காட்டிக் கொடுத்தவன் உன் சித்தப்பன்தான் என்று இஷொய் வரைக்கும் சனம் கதைக்கும். போனை வைக்கிற நேரம் நீ இன்னொன்றும் கேட்டாய். "சித்தப்பா, நான் எல்லாத்தையும் எண்ணிப் பாத்தன். கறுப்பிலை ரெண்டு, பச்சையிலை மூண்டு, சிவப்பிலை பதினொண்டு குறையுது. வெள்ளையிலை ரெண்டு வகை கிடக்கு, கொஞ்சம் மண்ணிறமாத் தேய்ஞ்சு போய். ஏன்?" குறைகிற காய்களை எங்கள் ஊர் ஸ்கீவ நகரபிதா ஞாபகத்துக்கென்று பொக்கற்றில் போட்டுக்கொண்டு போனார் என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நகரபிதா என் வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஒருமுறை நூலக வாசலில் எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தில் நான் கதை விடப் போவதில்லை. விட்டால், விட்ட இடத்திலேயே திருப்பி எடுப்பேன், இப்போது எடுத்தது போல. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். புத்தகத்தில் கிடைக்காததை வாயால் சமாளித்தே இவ்வளவு காலம் ஓட்டியிருக்கிறேன். இறைச்சித் தொழிற்சாலையில் முப்பது வருடம் கத்தி பிடித்ததை "மேற்பார்வை" என்று ஊருக்கு எழுதியவன். இந்த விஷயத்தில் மட்டும் என் வாய் உனக்கு ஒரு கெடுதி செய்துவிட்டது. அது எனக்குத் தெரியவந்து இன்றைக்குப் பத்து நாள்.

நீ கலியாணம் கட்டப் போகிற மரியாவின் தாய் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் காரில் திரும்பினோமே, அன்றைக்கு. நான் பின் சீற்றில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். உன் அப்பா எப்படிச் செத்தார் என்று மரியா மெதுவாகக் கேட்டாள். நீ டேனிஷில் சொன்னாய், நான் நித்திரை என்று நினைத்து. உனக்கு நாலு வயதில் கடும் காய்ச்சல் என்றும், சித்தப்பா வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த அப்பா அதைக் கேள்விப்பட்டு, ஆட்டத்தைப் பாதியில் விட்டு, ஐஸ் றோட்டில் உன்னைப் பார்க்க ஓடி வந்ததாலேயே செத்தார் என்றும் சொன்னாய். பிறகு, "எனக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால்" என்று தொடங்கி நிறுத்திவிட்டாய். நீ சொல்லாமல் விட்ட மிச்சம் இத்தனை வருடமாக உனக்குள் கிடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அந்தக் காய்ச்சலைச் செய்தவன் நான். உனக்கு அன்றைக்குக் காய்ச்சல் இருக்கவில்லை.

முதலில் நீ கேட்ட திட்டத்தைச் சொல்கிறேன். அதற்குள்தான் எல்லாம் இருக்கிறது. காய்ப் பெட்டி வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள்: பெரிய காய்களைப் பார்த்து மயங்குகிறார்கள். கறுப்பு, பொன்னிறம், ஆயிரம் ஐயாயிரம் என்று எழுதினது. அவை பெட்டியைத் திறக்க வடிவு, மேசையில் பாதி நாள் சும்மா கிடக்கும். ஆட்டத்தை ஓட்டுகிறது சின்னக் காய். இருபத்தைந்து பெறுமதியான வெள்ளைக் காய் ஆளுக்கு எட்டாவது வேண்டும், பன்னிரண்டு இருந்தால் இன்னும் திறம். நூறு பெறுமதியான சிவப்பும் அப்படியே எட்டு. ஐந்நூறு பச்சை நாலு, ஆயிரம் கறுப்பு இரண்டு. கூட்டிப் பார், ஒரு ஆளுக்கு ஐயாயிரம் வரும். பத்துப் பேருக்கு எண்பது வெள்ளை. பிறகு பிளைண்ட் ஏற ஏற வெள்ளைக்கு வேலை இல்லாமல் போகும், அப்போது எல்லாரிடமும் அதை வாங்கிவிட்டுப் பெரியதாக மாற்றிக் கொடு. மாற்றிக் கொடுக்கப் பெரியதில் கொஞ்சம் புறம்பாக வைத்திரு. காசு ஆட்டம் வேறு விஷயம். அதற்கு மூன்று நிறம் போதும், அதிலும் முக்கால்வாசி ஒரே நிறம், ஒரு டேனிஷ் குரோனர் பெறுமதியான காய். போட்டிப் பெட்டியையும் காசுப் பெட்டியையும் ஒருநாளும் கலக்காதே. கலந்தால் எவனாவது போட்டிக் காயைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து காசாக்குவான். எங்களோடு விளையாடுகிற சேவியர் அப்படி வந்தவன்தான். சரி, சேவியர் வரவில்லை. வரக்கூடிய ஆள் என்று சொல்கிறேன்.

பிளைண்ட் என்றால் உனக்குத் தெரியும், மரியா இதை வாசித்தால் அவளுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு கை, அதாவது ஒவ்வொரு தரம் சீட்டுப் போடுகிறது, தொடங்க முன்னும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்காமலே காய் போட வேண்டும், ஒருவர் சின்னது, அடுத்தவர் பெரியது. முறை மேசையைச் சுற்றி வரும். ஆள் எழும்பிப் போயிருந்தாலும் முறை வந்தால் அவருடைய குவியலிலிருந்து பிளைண்டை எடுத்து நடுவில் போடுவார்கள். அவருக்குச் சீட்டும் போடுவார்கள், யாரும் தொடாத சீட்டு. மற்ற எல்லாரும் தங்கள் சீட்டை மடக்கி எறிந்துவிட்டால், ஆள் இல்லாத அந்தக் குவியலே அந்தக் கையை வெல்லும். விதி அப்படி. அந்த விதியை இந்த வட்டாரத்துக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். அதில் பொய் இல்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். உனக்கு நாலு வயது, டிசம்பரில் நத்தாருக்கு அடுத்த நாளுக்கு அடுத்த நாள். என் ஸ்கீவ வீட்டில், பகல் பன்னிரண்டு மணிக்குப் பத்துப் பேர். அந்தப் பெட்டியை அப்போதுதான் வாங்கியிருந்தேன். முந்நூறு காய், அலுமினியப் பெட்டி, பூட்டும் திறப்பும். வெள்ளையில் வெறும் நாற்பது, கறுப்பும் பொன்னிறமுமாக நிரம்பி வழிந்தது. அண்ணை, உன் அப்பா, சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து குந்தியிருந்து பெட்டியைப் பார்த்தார். உன் அப்பா கூடக் கதைக்கிற ஆள் இல்லை. "டேய், வெள்ளை காணாதடா," என்றார். "ஆளுக்கு நாலுதான் வரும். அரை மணித்தியாலத்திலை எல்லாரும் மாத்தக் காய் தேடப் போறாங்கள்." எனக்குப் பத்துப் பேர் முன்னால் மானம் போகிற மாதிரி இருந்தது. "அண்ணை, நான் இஞ்சினியர் மாதிரிக் கணக்குப் போட்டு வைச்சிருக்கிறன். நீங்கள் விளையாடிப் பாருங்கோ," என்றேன். கணக்கு ஒன்றும் போடவில்லை. கடையில் நிறத்தைப் பார்த்து வாங்கினேன்.

அரை மணித்தியாலம்கூடப் போகவில்லை. "ஆரிட்டை வெள்ளை இருக்கு? எனக்கு நாலு தா." "என்னட்டை ஒண்டுதான் கிடக்கு." "அப்ப பிளைண்டுக்கு என்னத்தைப் போட, என்ரை மோதிரத்தையோ?" ஒவ்வொரு கைக்கும் ஐந்து நிமிடம் மாற்றுகிற வேலை. சேவியர் கதிரையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, "இஞ்சினியர் ஐயா, பாலம் இடிஞ்சு போச்சு!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. தன்னிடம் இருந்த நாலு வெள்ளையையும் தள்ளிக் கொடுத்துவிட்டு ஒரு சிவப்பை எடுத்துக்கொண்டார். அவரிடம் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது, அவருடைய வேலைத்தளத்தில் நத்தாருக்குக் கொடுத்த மலிவான காய்கள், முழுக்க வெள்ளை. அது எனக்குத் தெரியும். உங்கள் வீடு அப்போது ஸ்கீவுக்கு வெளியே பன்னிரண்டு கிலோமீற்றர். காலையில் மழை பெய்து, பிறகு உறைந்து, தெரு கண்ணாடி மாதிரிக் கிடந்தது. அதுவும் எனக்குத் தெரியும். கச்சான் கடலையையோ, கிழித்த கடதாசித் துண்டுகளையோ இருபத்தைந்து என்று வைத்திருக்கலாம். பத்துப் பேர் முன்னால் என் அலுமினியப் பெட்டிக்குப் பக்கத்தில் கடதாசித் துண்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. "அண்ணை, உங்கடை தகரப் பெட்டியை ஒருக்கா எடுத்துக்கொண்டு வாறியளோ?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன். அவராக எழும்பவில்லை.

அவர் யன்னலால் வெளியே பார்த்தார். பிறகு ஜாக்கெற்றைப் போட்டார். "என்ரை காய் கிடக்கட்டும். முறை வந்தா எடுத்துப் போடுங்கோ. ஆட்டத்தை நிப்பாட்டாதையுங்கோ," என்றார். "போயிட்டு வாறன்."

ஆட்டத்தை நாங்கள் நிறுத்தவில்லை. அவருடைய முறை வந்தபோது அவருடைய குவியலிலிருந்து நான்தான் எடுத்துப் போட்டேன், பக்கத்துக் கதிரை என்னுடையது. ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியும் ஆளைக் காணவில்லை. வெள்ளைத் தட்டுப்பாடு இன்னும் மோசமாகி, ஆட்கள் கோப்பியைக் குடித்துக்கொண்டு என்னைப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் போன் எடுத்தேன். எடுத்தார். பின்னணியில் கார்ச் சத்தம் கேட்டது. "எங்கை அண்ணை நிக்கிறியள்? கெதியா வாங்கோ, எல்லாரும் காத்துக்கொண்டு இருக்கினம்." "ஓம், ஓம். வாறன்," என்றார். அவ்வளவுதான். நான் போனை வைத்துவிட்டு, "வாறாராம்," என்றேன். அடுத்த கையில் பெரிய பிளைண்ட் அண்ணையுடையது. ஒருவருக்கும் நல்ல சீட்டு வரவில்லை, எல்லாரும் மடக்கி எறிந்தார்கள். அவருடைய குவியல் வென்றது. சேவியர் கையைத் தட்டினான். "பாருங்கோடா, அண்ணை ஆள் இல்லாமலே வெல்லுறார்! ஆள் இருந்தா தோத்திருப்பார்!" நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். வென்ற காய்களை நானே அவருடைய பக்கம் தள்ளி, நேராக அடுக்கியும் வைத்தேன். அடுத்த சுற்றில் இன்னொரு தரமும் அவருடைய குவியல் வென்றது. அந்தத் தரம் சிரிப்புக் கொஞ்சம் குறைவு. யன்னலுக்கு வெளியே மங்கத் தொடங்கிவிட்டது, டிசம்பரில் மூன்றரைக்கே இருளும். பிறகு என் போன் அடித்தது. அண்ணி, உன் அம்மா.

பிற்பாடு ஆஸ்பத்திரிக் கடதாசியில், கார் சறுக்கிப் புரண்டு அண்ணையின் உயிர் போன நேரம் போட்டிருந்தது. அதை நான் ஒருமுறைதான் பார்த்தேன், ஆனால் மறக்கவில்லை. நான் போனை வைத்ததற்கும் அதற்கும் இடையில் ஐந்து நிமிடம் இல்லை. என் போனை எடுத்ததால்தான் சறுக்கினாரா, வைத்த பிறகு கெதியாய் வரவேண்டும் என்று ஓடிச் சறுக்கினாரா, ஒன்றுமில்லாமல் சும்மா சறுக்கினாரா, யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது இதுதான்: இரண்டு தரமும் நான் காய் தள்ளிக் கொடுத்தது உயிரில்லாத ஒரு ஆளுக்கு. இப்போதும் யாராவது காயைக் காயின் மேல் வைக்கிற அந்தச் சத்தம் கேட்டால், என் இடது பக்கம் ஒருவர் ஜாக்கெற்றோடு இருக்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை என்று சபையில் எழும்பி நின்று சொன்னவன் நான். சொன்னது உண்மை. திரும்பிப் பார்க்காததும் உண்மை.

அன்றைக்கு எல்லாரும் எழும்பிப் போன பிறகு அவருடைய குவியலை நான் பெட்டிக்குள் போடவில்லை. கறுப்பு இரண்டு, பச்சை மூன்று, சிவப்பு பதினொன்று, வென்றெடுத்த வெள்ளை மூன்று. ஒரு தேயிலை டப்பாவுக்குள் இருக்கின்றன. நீ எண்ணினது சரி. வெள்ளையில் இரண்டு வகை ஏன் என்றும் கேட்டாய். கார் புரண்டபோது தகரப் பெட்டி திறந்து, காய் எல்லாம் வாய்க்காலுக்குள்ளும் வயலுக்குள்ளும் சிதறிவிட்டது. அடுத்த நாளே அதற்கு மேல் ஸ்னோ கொட்டிவிட்டது. வெள்ளைக் காய், வெள்ளை ஸ்னோ. நான் போய் நின்று பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. மார்ச்சில் உருகினபோது போனேன், சேற்றில் முழங்கால் போட்டு நாற்பத்தாறு எடுத்தேன். அடுத்த வருடம் உருகினபோது ஒன்பது. அதற்கடுத்த வருடம் இரண்டு. போன மார்ச்சிலும் போனேன், ஒன்றும் இல்லை, ஆனாலும் அந்த வயல்காரர் என்னைக் கண்டதும் டிராக்டரை நிறுத்திக் கையைக் காட்டுவார். நான் என்ன தேடுகிறேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மண்ணிறமாய்த் தேய்ந்தவை அவைதான். அவற்றைப் பெட்டியில் போட்டு விளையாடினேன். நீயும் பதினைந்து வயதிலிருந்து அவற்றால்தான் பிளைண்ட் போட்டிருக்கிறாய்.

காய்ச்சல் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். உனக்கு ஏழு வயது. உன்னை நீச்சல் வகுப்பிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன், தலை ஈரம் காயவில்லை. "சித்தப்பா, அப்பா ஏன் அண்டைக்குக் காரிலை போனவர்?" என்று கேட்டாய். நான் சொன்னால் நீ என் காரில் பிறகு ஏற மாட்டாய் என்று பயந்தேன். அந்தப் பயத்தில் வாய் தன் பாட்டுக்கு ஓடியது. "உனக்குக் காய்ச்சல் எண்டு கேள்விப்பட்டவர், மகன். உன்னைப் பாக்காமல் இருக்க ஏலாமல் ஓடினவர்." நீ ஈரத் தலையை யன்னலில் சாய்த்துக்கொண்டாய். உனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த தரம் கேட்டபோது தோடம்பழம் ஒன்றும் சேர்த்தேன், உனக்கென்று கையில் வைத்திருந்தார் என்று. உன் பதினெட்டாவது பிறந்தநாளில் நூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்து அதே கதையைச் சொன்னேன், சனம் கண்ணைத் துடைத்தது, நான் மேடையால் இறங்கினபோது என் முதுகைத் தட்டினார்கள். அன்று நீ எழும்பி வெளியே போனாய். சந்தோஷத்தில் அழப் போகிறாய் என்று நினைத்தேன். என் வாய் எவ்வளவு அழகாக வேலை செய்தது என்று பார்.

உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தகரப் பெட்டியை அலுமாரியால் எடுத்துக் கொடுத்ததே அவதான். அந்தப் பிறந்தநாளன்று குசினியில் தட்டுக் கழுவிக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் சொன்னா: "நீங்கள் இவனை வளத்தனீங்கள். அதுக்காக நான் வாய் திறக்கேல்லை. ஆனா ஒருநாளைக்கு நீங்கள்தான் அவனுக்குச் சொல்ல வேணும். நான் சொன்னா அவன் உங்களை வெறுத்துப்போடுவான். நீங்கள் சொன்னா, தெரியாது." அவ போகிற தேவாலயச் சபை சீட்டாட்டத்தைச் சூது என்று விலக்கின சபை. என்னை ஒருநாளும் அதைச் சொல்லிக் குத்தினதில்லை. போன கிழமை நான் போய் அவவிடம் கேட்டேன், அன்றைக்கு வீட்டுக்கு வந்த அண்ணை என்ன செய்தார் என்று. இத்தனை வருடத்தில் அதைக் கேட்க எனக்குத் துணிவு இருக்கவில்லை. அவ சொன்னா, சப்பாத்தோடு உள்ளே வந்தாராம், பெட்டியை வாங்கினாராம். நீ சோபாவில் நித்திரையாம். எழுப்பட்டுமா என்று அவ கேட்டதற்கு, "வேண்டாம், படுக்கட்டும், நான் இப்ப வந்திடுவன்," என்றாராம். இதில் ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. தோடம்பழம் இல்லை. காய்ச்சல் இல்லை. நீ சுகமாக, வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொண்டாய். அவரை ஐஸ் றோட்டுக்கு அனுப்பினது நீ இல்லை, மகன். வெள்ளைக் காய் காணாமல் ஒரு பெட்டி வாங்கி, அதை ஒத்துக்கொள்ள மானம் விடாத நான்.

நம்முடைய ஆட்கள் உன்னை என் பெறாமகன், நான் பெறாத பிள்ளை, என்பார்கள். நான் எந்த இடத்திலும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை, என் மகன் என்றே சொல்லித் திரிந்தேன். மே மாதம் கலியாணத்தில் அப்பாவின் இடத்தில் என்னை நிற்கச் சொன்னாய். அந்த இடம் காலியானது என்னால் என்று தெரியாமல் சொன்னாய். இப்போது தெரியும். வேண்டாம் என்றால் ஒரு சொல் போதும், காரணம் கேட்க மாட்டேன். பொய்யை நூறு பேர் முன்னால் மைக்கில் சொன்னவன் உண்மையைக் கடித உறைக்குள் ஒளித்துவைக்கக் கூடாது, ஆகவே நீ ஓம் என்றால் இதை அப்படியே நம்முடைய தமிழ்ச் சங்கம் வெளியிடுகிற மலரில் போடச் சொல்வேன். நீ ஓம் என்ற பிறகுதான்.

இனிமேல் புத்தி சொல்ல எனக்கு முகம் இல்லை, ஆனாலும் மேசை போடுகிறவனுக்கு மூன்று விஷயம் சொல்லாமல் முடிக்க மாட்டேன். வெள்ளையை எப்போதும் தேவைக்கு மேல் வைத்திரு. காய் காணாவிட்டால் கடதாசியைக் கிழி, பத்துப் பேர் முன்னால் கிழி, சிரிக்கிறவன் சிரிக்கட்டும். காரில் வந்துகொண்டிருக்கிற ஆளுக்கு எங்கே நிற்கிறாய் என்று போன் எடுக்காதே. நான் ஒன்பது பேரைக் கூப்பிட்டாலும் பத்துக் குவியல் அடுக்குவது ஏன் என்று நீ முந்திக் கேட்டிருக்கிறாய். என்னிடம் காய் தாராளம் என்று காட்டத்தான் என்றேன். இப்போது உனக்குத் தெரியும்.

தேயிலை டப்பாவையும் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அது உன்னுடையது. பெட்டிக்குள் போடுவதோ, அந்த வயலில் கொண்டுபோய் எறிவதோ உன் இஷ்டம். சனிக்கிழமை உன் மேசைக்குப் பேர் கொடுத்த ஆள் நான், ஆனால் கதவைத் தட்ட மாட்டேன். நீ பத்தாவது கதிரைக்கு முன்னால் எனக்கும் காய் அடுக்கு, எட்டு வெள்ளை, எட்டுச் சிவப்பு, நாலு பச்சை, இரண்டு கறுப்பு. முறை வரும்போது என் குவியலிலிருந்து பிளைண்டை எடு. நான் சொன்ன கணக்குப்படி வைத்தால் என் குவியல் இரண்டு மூன்று மணித்தியாலம் தாங்கும். அது முடிவதற்குள் உனக்கு மனம் வந்தால் போன் எடுத்து "வாங்கோ" என்று சொல். முடிந்துவிட்டால் முடிந்ததுதான், நான் மெதுவாக ஸ்கீவுக்குத் திரும்பிப் போவேன். பயப்படாமல் போன் எடு, மகன். நீ எடுக்கிற நேரம் நான் உன் தெரு முனையில், எஞ்சினை நிறுத்திவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். கார் ஓடிக்கொண்டிருக்காது.

உன் சித்தப்பா